குற்றவாளிக் கூண்டில் ஓர் இயந்திரம்

வீட்டைச் சூடாக்கும் ஒரு கருவியின் பொருட்டு ஓர் அரசாங்கமே ஆட்டங்கண்ட கதை அண்மைக்கால ஐரோப்பிய அரசியலில் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜேர்மனியில் அது நிகழ்ந்தது. புதிதாகப் பொருத்தப்படும் வெப்பமூட்டும் கருவிகள் 65 வீதமேனும் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்க வேண்டும் என்ற சட்டமூலத்தைப் பொருளாதார அமைச்சராக இருந்த றொபேட் ஹாபெக் முன்வைத்தார். 'பில்ட்' நாளிதழ் அதற்கு 'வெப்பச் சம்மட்டி' என்று பெயர் சூட்டியது. கூட்டணிக் கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறின. உறுப்பினர்கள் ஆராய்வதற்குப் போதிய அவகாசம் வழங்கப்படவில்லை என்று கூறி, யூலை மாதத்தில் நடைபெறவிருந்த வாக்கெடுப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இறுதியில் செப்ரெம்பர் 8ஆம் திகதி சட்டம் நிறைவேறியது. ஆனால், சட்டம் நிறைவேறியதும் கருவியின் விற்பனை உயரவில்லை. 2023இல் ஜேர்மனியில் 3 இலட்சத்து 56 ஆயிரம் வெப்பப் பம்பிகள் விற்பனையாகின. 2024இல் அத்தொகை 1 இலட்சத்து 93 ஆயிரமாகச் சரிந்தது.

நம்மவர்கள் 'ஹீற் பம்ப்' என்று சொல்லும் இந்த வெப்பப் பம்பி அன்று தொட்டுக் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கின்றது. குளிரில் வேலை செய்யாது, பழைய வீட்டுக்கு ஒவ்வாது, அயலவரின் உறக்கத்தைக் கெடுக்கும், வாங்குபவரை ஓட்டாண்டியாக்கும் என்று குற்றப்பத்திரிகை நீள்கின்றது. மறுபுறத்தில், இதனை மாட்டினால் பூமி காப்பாற்றப்படும், மாதாந்தச் செலவும் பாதியாகும் என்று விற்பனை முகவர்கள் வீடு வீடாகச் சென்று சத்தியம் செய்கின்றார்கள். இலண்டனிலும் ஒஸ்லோவிலும் பேர்லினிலும் சூரிச்சிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதவுகளும் தட்டப்படுகின்றன. ஆகவே, இது நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் அன்று.

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். தலைப்புச் செய்திக்கு எப்பொழுதும் ஒரு வில்லன் தேவை. இயந்திரம் வாய் திறந்து மறுக்காது, வழக்குத் தொடராது. அதனால் அது மிகச் சௌகரியமான வில்லன். இக்கட்டுரையின் வாதம் ஒன்றுதான்: இயந்திரம் குற்றவாளி அன்று. மின்சாரத்தின் விலையை வரிகளாலும் அறவீடுகளாலும் ஏற்றிவைத்துவிட்டு, அதே மின்சாரத்தில் இயங்கும் கருவியை வாங்குமாறு மக்களை வற்புறுத்தும் அரசுகளே முதற் குற்றவாளிகள். அளவெடுக்காமலே சட்டை தைப்பவர்களைப் போல வீட்டைக் கணக்கிடாமலே கருவியைப் பொருத்திச் செல்பவர்கள் இரண்டாவது குற்றவாளிகள். இதனைப் பிரித்தானியாவின் அனுபவத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

புதுமையும் அன்று, மந்திரமும் அன்று

முதலில் கருவியைப் பற்றி. வெப்பப் பம்பி வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. ஓரிடத்தில் உள்ள வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் சேர்க்கின்றது. நமது சமையலறையில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி செய்வதும் அதையேதான். பெட்டிக்குள் உள்ள வெப்பத்தை உறிஞ்சிப் பின்புறத்தால் வெளியேற்றுகிறது. அதனாலேயே அதன் முதுகு சுடுகின்றது. வீட்டுக்கு வெளியே வைக்கப்படும் வெப்பப் பம்பி, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவருகின்றது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடும் ஒரு குளிர்பதனத் திரவம் வெளிக்காற்றின் வெப்பத்தைப் பெற்று ஆவியாகிறது. கொம்பிறசர் அந்த ஆவியை அமுக்குகிறது. அமுக்கப்பட்ட ஆவியின் வெப்பநிலை உயர்கின்றது. அந்த வெப்பம் வீட்டில் ஓடும் நீருக்குக் கைமாற்றப்படுகின்றது. நமக்குக் குளிராகத் தோன்றும் பூச்சியப் பாகைக் காற்றிலும் எடுப்பதற்கு வெப்பம் உண்டு என்பதே இதன் அடிப்படை. கொழும்பில் அறையைக் குளிர்விக்கும் கருவியும் இதன் உடன்பிறப்பே. அது வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இது உள்ளே இழுக்கிறது.

இந்தக் கொள்கையை 1852ஆம் ஆண்டிலேயே கெல்வின் பிரபு எடுத்துரைத்தார். சூரிச் நகர மண்டபம் 1938இல் லிமாற் ஆற்றின் நீரிலிருந்து வெப்பம் எடுக்கத் தொடங்கியது. ஆக, நேற்று முளைத்த சூழலியல் மோகம் என்று இதனைத் தூற்றுவோர் வரலாறு அறியாதவர்கள்.

ஒரு பங்கு மின்சாரத்தைக் கொடுத்தால் எத்தனை பங்கு வெப்பம் கிடைக்கிறது என்பதே இக்கருவியின் தராதரம். ஆண்டு முழுவதற்குமான சராசரியை வினைத்திறன் எண் என்று கொள்வோம். சாதாரண மின் அடுப்பின் எண் 1. நல்ல எரிவாயுப் பொயிலரின் எண் 0.9 அளவில் நிற்கும். வெப்பப் பம்பியின் எண் மூன்றை அண்டியது. ஜேர்மனியின் பிரௌன்கோபர் நிறுவனம் பழைய வீடுகளில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பிகளின் சராசரி 3.1. பிரித்தானிய அரசின் நிதியுடன் 742 வீடுகளில் பொருத்திப் பார்த்த பரிசோதனையில் நடு எண் ஏறத்தாழ 2.8.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு குற்றப்பத்திரிகையை ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

குளிரும் பழைய வீடும்

'குளிரில் வேலை செய்யாது' என்பது முதற் குற்றச்சாட்டு. அப்படியானால் ஐரோப்பாவிலேயே குளிர் மிகுந்த நாடுகள் இதனைத் தூக்கியெறிந்திருக்க வேண்டும். நடந்திருப்பதோ நேர்மாறு. நோர்வேயில் 60 வீதத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வெப்பப் பம்பி உண்டு. சுவீடனும் பின்லாந்தும் அடுத்த நிலைகளில் உள்ளன. இங்கு ஒரு நியாயத்தையும் மறைக்கக்கூடாது. நோர்வேயில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை அறைக்குள் நேரடியாக வெப்பக்காற்றை வீசும் எளிய வகை. பிரித்தானியாவில் பொருத்தப்படுபவை நீரைச் சூடாக்கி றேடியேற்றர்களுக்கு அனுப்பும் சிக்கலான வகை. ஆனால், வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பகுதி இரண்டிலும் ஒன்றே. துரொம்ஸோவின் பனியில் எடுக்க முடிந்த வெப்பத்தை மான்செஸ்ரரின் மழையில் எடுக்க முடியாது என்பது விஞ்ஞானம் அன்று, விதண்டாவாதம். குளிர் கூடக் கூட வினைத்திறன் குறையும் என்பது உண்மை. பூச்சியத்தை ஒட்டிய ஈரக்காற்றில் வெளிப்பகுதியில் உறைபனி படியும். அதனை உருக்கக் கருவி இடையிடையே மின்சாரம் செலவிடும் என்பதும் உண்மை. ஆனால், குறைவது வேறு, நின்றுபோவது வேறு.

'பழைய வீட்டுக்கு ஒவ்வாது' என்பது இரண்டாவது. மேற்சொன்ன 742 வீடுகளுள் விக்ரோரியா காலத்து வீடுகளும் இருந்தன, அடுக்குமாடி வீடுகளும் இருந்தன. எந்தக் காலத்து வீடாயினும் எவ்வகை வீடாயினும் பொருத்தவே முடியாதது என்று ஒதுக்கத்தக்க ஒரு பிரிவு இல்லை என்பதே அப்பரிசோதனையின் முடிவு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எரிவாயுப் பொயிலர் 65, 70 பாகைச் சூட்டில் நீரை அனுப்பும். வெப்பப் பம்பிக்கு உகந்தது 35 முதல் 50 பாகை வரை. நீரின் சூடு குறைவதால், அதே வெப்பத்தை அறைக்குக் கொடுக்கப் பெரிய றேடியேற்றர் வேண்டும். சுவரிலும் முகட்டிலும் வெப்பம் வெளியேறாத காப்பு இருந்தால் நல்லது. சுடுநீர்த் தாங்கிக்கு இடம் வேண்டும். பொயிலரைச் சமையலறை அலுமாரிக்குள் அடக்கிவிட்டுத் தாங்கி இருந்த இடத்தை உடுப்பு வைக்கும் இடமாக்கிய இலட்சக்கணக்கான சிறிய வீடுகளுக்கு இது மெய்யான இடர்ப்பாடு. இதனை மறைத்துப் பேசுபவன் விற்பனை முகவன்.

இரைச்சல் மூன்றாவது. இங்கிலாந்தில் அயல்வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வைத்தால்தான் தனி அனுமதியின்றிப் பொருத்தலாம் என்றிருந்த விதி 2025 மே மாதத்தில் நீக்கப்பட்டது. இரைச்சல் வரம்பு மட்டும் நீடிக்கின்றது. நல்ல கருவியை நல்ல இடத்தில் வைத்தால் மின்விசிறியின் முனகலுக்கு மேல் கேட்காது. ஒடுங்கிய சந்துக்குள், அயலவரின் படுக்கையறைச் சாளரத்துக்கு நேரே வைத்தால் கேட்கத்தான் செய்யும். குற்றம் வைத்தவருடையது.

குளிர்பதனத் திரவம் பற்றிய குற்றச்சாட்டில் சாரம் உண்டு. நெடுங்காலமாகப் பாவிக்கப்பட்ட ஆர்-410ஏ என்ற வகை கசிந்தால், காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கும் வல்லமை உடையது. இன்று அதன் இடத்துக்குப் புறோபேன் வந்துகொண்டிருக்கிறது. அதனால் பூமிக்குச் சேரும் கேடு மிக அற்பம், ஆனால் தீப்பற்றக்கூடியது. எனவே தேர்ந்த தொழில்நுட்பவியலாளர் கையில் மட்டுமே அது இருக்க வேண்டும். இது திருத்தக்கூடிய குறை, திருத்தப்பட்டும் வருகின்றது.

பணப்பைக்குள் நடக்கும் அநியாயம்

இனி, உண்மையான சர்ச்சைக்கு வருவோம். அது பணம்.

பிரித்தானியாவில் வெப்பப் பம்பி ஒன்றைப் பொருத்தப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆயிரம் பவுண் முடிவது வழமை. பொயிலர் ஒன்றுக்கு மூவாயிரம் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் 5,000 பவுணாகத் தொடங்கிய மானியம் 2023 ஒக்ரோபரில் 7,500 பவுணாக்கப்பட்டது. மானியம் போக எஞ்சுவதைக் கையில் பணமுள்ள வீட்டுச் சொந்தக்காரர் சமாளித்துக்கொள்வார். ஆனால், ஒவ்வோராண்டும் வரும் இயக்கச் செலவு?

ஒரு கணக்கைப் போடுவோம். வாசகர்கள் பென்சிலை எடுத்துச் சரிபார்க்கலாம். 2025 ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான காலத்துக்குப் பிரித்தானியக் கட்டுப்பாட்டு அமைப்பாகிய ஒவ்ஜெம் விதித்த உச்சவரம்பின்படி, ஓர் அலகு (ஒரு கிலோவாற்று மணி) மின்சாரத்தின் சராசரி விலை 26.35 பென்ஸ். ஓர் அலகு எரிவாயுவின் விலை 6.29 பென்ஸ். அதாவது, மின்சாரம் எரிவாயுவைவிட நான்கு மடங்குக்கும் சற்று அதிகம்.

ஆண்டுக்கு 11,500 அலகு எரிவாயு எரிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செலவு ஏறத்தாழ 723 பவுண். பொயிலரின் எண் 0.9 என்றால் அந்த வீட்டுக்குச் சேர்ந்த வெப்பம் 10,350 அலகு. அதே வெப்பத்தை 2.8 எண்ணுள்ள வெப்பப் பம்பி தருவதற்கு 3,696 அலகு மின்சாரம் வேண்டும். செலவு 974 பவுண். எரிவாயு இணைப்பையே துண்டித்துவிட்டால் அதற்கான நாளாந்த நிலையான கட்டணம், ஆண்டுக்கு ஏறத்தாழ 124 பவுண், மிஞ்சும். அப்பொழுதும் வெப்பப் பம்பிக்காரர் நூற்றுக்கு மேற்பட்ட பவுண்களை அதிகமாகச் செலுத்துகின்றார்.

மூன்றில் ஒரு பங்கு சக்தியை மட்டும் உண்ணும் இயந்திரத்தை வாங்கியவருக்குத் தண்டப்பணம். மூன்று பங்கை எரித்துப் புகையாக்குபவருக்குச் சலுகை! இந்த விசித்திரத்தை எந்தப் பொருளியல் நூலில் தேடுவது?

விலைதான் நோய் என்பதற்கு இன்னுமொரு கணக்கு. மின்சாரம் எரிவாயுவைப் போல நான்கு மடங்காக அல்லாமல் மூன்று மடங்காக, அதாவது 18.87 பென்ஸாக இருந்திருந்தால், அதே வீட்டில் அதே கருவிக்கு ஆண்டுச் செலவு 697 பவுண். நிலையான கட்டணத்தின் சேமிப்பைச் சேர்க்காமலே வெப்பப் பம்பி வென்றுவிடுகின்றது. இயந்திரத்தில் ஒரு திருகாணி கூட மாறவில்லை. மாறியது விலை மட்டுமே.

மின்சாரம் ஏன் இப்படி விலையேறியது? காரணங்கள் இரண்டு. ஒன்று, பிரித்தானியாவின் மின்சந்தையில் பெரும்பாலான வேளைகளில் விலையைத் தீர்மானிப்பது எரிவாயு மின்நிலையமே. காற்றாலை எவ்வளவு மலிவாக உற்பத்தி செய்தாலும், கடைசி அலகை வழங்கும் எரிவாயு நிலையத்தின் விலையே சந்தை விலை. இரண்டு, காற்றாலைகளையும் சூரியசக்தியையும் வளர்ப்பதற்கான பழைய திட்டங்களின் செலவை அரசாங்கம் திறைசேரியிலிருந்து கொடுக்காமல் மின்பட்டியலின் தலையில் கட்டியது. எரிவாயுப் பட்டியலில் அதற்கு ஈடான சுமை ஏற்றப்படவில்லை. தூய்மையான எரிபொருளுக்குத் தண்டமும் அழுக்கான எரிபொருளுக்கு விலக்கும் அளித்துவிட்டு, மக்கள் தூய்மையானதற்கு மாறவில்லையே என்று கவலைப்படுவது, அணையைத் திறந்துவிட்டு வெள்ளத்தை நொந்துகொள்வதைப் போன்றது.

2020 நவம்பரில் பொறிஸ் ஜோன்சன் அரசாங்கம் ஓர் இலக்கை அறிவித்தது. 2028ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஆறு இலட்சம் வெப்பப் பம்பிகள் பொருத்தப்பட வேண்டும் என்பதே அது. 2024இல் நாடு முழுவதிலும் விற்பனையானவை ஏறத்தாழ ஓர் இலட்சம். இடைப்பட்ட ஆண்டுகளில் பிரதமர்கள் மாறினார்கள், ஆளுங்கட்சியும் மாறியது, மானியம் உயர்ந்தது. விலைகளின் விகிதம் மட்டும் அசையவில்லை. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில்தான், மின்பட்டியலில் ஏற்றப்பட்டிருந்த அறவீடுகளில் முக்கியமானதொன்றின் முக்காற் பங்கை 2026 ஏப்ரல் முதல் திறைசேரி ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டிய இயந்திரத்தை வாங்குபவருக்கு மூன்றாண்டு வாக்குறுதி!

இந்த இழுபறியில் இன்னொரு நாடகமும் அரங்கேறியது. பொயிலரை மாற்ற வேண்டியதில்லை, எரிவாயுக் குழாய்களில் நாளை ஐதரசன் வரும் என்று எரிவாயுத் துறையினர் ஆண்டுக்கணக்காக ஆசை காட்டினார்கள். எல்ஸ்மியர் போட்டுக்கு அருகிலுள்ள விற்பியில் நடைபெறவிருந்த ஐதரசன் கிராமப் பரிசோதனை, குடியிருப்பாளர்களின் எதிர்ப்பின் பின்னர் 2023 யூலையில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் றெட்கார் திட்டமும் கைவிடப்பட்டது. மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, அதனை எரித்து வீட்டைச் சூடாக்குவதற்கு, வெப்பப் பம்பிக்கு வேண்டியதைப் போல ஐந்து மடங்கு அளவில் மின்சாரம் வேண்டும் என்பது பொறியியலாளர்கள் அறிந்த உண்மை. வராத விருந்தாளிக்காக இலை போட்டு வைத்தார்கள். அந்த இடைவெளியில் பொயிலர் வியாபாரம் தடையின்றி நடந்தது.

அளவெடுக்காத தையற்காரர்கள்

இரண்டாவது குற்றவாளியை இப்பொழுது அழைப்போம். 2010ஆம் ஆண்டு பிரித்தானியாவின் எனர்ஜி சேவிங் ட்ரஸ்ட் என்ற அமைப்பு 83 வெப்பப் பம்பிகளை வீடுகளில் வைத்து ஆராய்ந்தது. காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவற்றின் எண் பெரும்பாலும் 2.2 அளவில் இருந்தது. சில வீடுகளில் அது 1.2க்கு இறங்கியிருந்தது. வேறு சில வீடுகளில் மூன்றைத் தாண்டியது. மின் அடுப்பை விட ஒரு நூலளவே மேலான கருவியும் அதே நாட்டில், அதே காலநிலையில் மூன்று மடங்கு தரும் கருவியும் இருந்தன என்றால் வேறுபாடு எங்கே? பொருத்திய கைகளில்.

அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் கருவியின் பருமனையும் றேடியேற்றர்களின் பருமனையும் தெரிவு செய்து, நீரின் வெப்பநிலையை வெளிக்காலநிலைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்குமாறு அமைத்துக் கொடுத்தால் 3.5 எண்ணைத் தொடலாம். முன்பு போட்ட கணக்கில் 3.5ஐ வைத்துப் பாருங்கள். செலவு 779 பவுண். எரிவாயு இணைப்பைத் துண்டித்த வீட்டில், பொயிலருக்கும் நிலையான கட்டணத்துக்கும் சேர்த்துச் செலவாகியிருக்கக்கூடிய 847 பவுணைவிட இது குறைவு. ஆக, இன்றைய கோணல் விலையிலும் நல்ல கைவினைஞர் வெற்றி தேடித் தருவார். அவசரக்காரர் 2.2ஐத் தந்தால் செலவு 1,240 பவுண். ஒரே இயந்திரம், ஒரே வீடு. ஆண்டுக்கு 460 பவுண் வித்தியாசம்.

மானியம் ஆறாகப் பாயும் இடத்தில் தரக்கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சுவர்க் காப்புத் திட்டத்தின் அவலமே சாட்சி. பிரித்தானிய அரசின் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்குக் காப்பு இடப்பட்ட வீடுகளில் 98 வீதமானவற்றில் திருத்தியாக வேண்டிய பாரிய குறைபாடுகள் இருப்பதாகத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்ரோபரில் அறிவித்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அவை. குறைபாட்டைத் திருத்தாவிட்டால் சுவரில் ஈரமும் பூஞ்சணமும் பிடிக்கும். திட்டத்தின் பெயரால் ஏழைகளின் வீடுகளே பாழாகின. வெப்பப் பம்பிக்கும் இந்தக் கதி நேரக்கூடாது என்று எச்சரிப்பவனைச் சூழலின் எதிரி என்று முத்திரை குத்துவது மடமை.

சுவீடன் இந்தப் பாடத்தை நம்மில் பலர் அறியாத காலத்திலேயே படித்துவிட்டது. 1980களில் அங்கு வெப்பப் பம்பி வியாபாரம் பொங்கி எழுந்தது. தரங்கெட்ட பொருத்தல்களால் பெயர் கெட்டு, எண்ணெய் விலையும் வீழ்ந்ததும் சரிந்தது. அவர்கள் கருவியைத் தூற்றிக்கொண்டிருக்கவில்லை. தரத்தைச் சோதித்தார்கள், பொருத்துபவர்களைப் பயிற்றினார்கள், 1991இல் காபன் வரியை விதித்து எண்ணெயின் மலிவை நீக்கினார்கள். நோர்வேயில் 2002-03 குளிர்காலத்தில் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்விலை எகிறியபோது, அரசு வெப்பப் பம்பிக்கு மானியம் வழங்கியது. 2020 சனவரி முதல் எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குவதையே அங்கு தடை செய்தார்கள். அந்நாட்டில் வீடுகளுக்கு எரிவாயு விநியோகம் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே மலிவான எரிவாயுவுடன் போட்டியிட வேண்டிய நிலையும் கருவிக்கு இல்லை. இங்கும் அங்கும் இயந்திரம் ஒன்றே. விலையும் ஒழுங்கும் வேறு.

யார் வெளியே நிற்கின்றார்கள்?

இந்த விவாதத்தில் எவரும் பேசாத ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் வாடகைக் குடியிருப்பாளர்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் வீட்டின் சொந்தக்காரர். குளிரில் நடுங்குபவரும் மின்பட்டியலைக் கட்டுபவரும் வாடகைக்காரர். செலவு ஒருவருக்கு, பயன் இன்னொருவருக்கு என்றிருக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர் ஏன் அசையப் போகிறார்? புலம்பெயர்ந்த எம்மவரிலும் வாடகை அறைகளில் காலந்தள்ளுவோர் ஏராளம். நாலைந்து வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருப்போரும் உளர். இரு சாராருக்கும் இது பொருந்தும்.

அடுக்குமாடியில் வாழ்பவர் வெளிச்சுவரில் எதையும் மாட்ட அனுமதி இல்லாதவர். பகற்பொழுதெல்லாம் வீட்டில் இருக்கும் முதியவர், ஒரு மணி நேரம் பொயிலரைப் போட்டு நிறுத்தும் பழக்கம் உடையவர். வெப்பப் பம்பியோ மெதுவாக, நீண்ட நேரம் ஓடினால்தான் சிக்கனம். அவருக்கு அதனை எவரும் விளங்கப்படுத்துவதில்லை. அதுவும் பல வேளைகளில் அவர் வாசிக்கும் மொழியில் இல்லை. கருவியைத் தலையில் கட்டிவிட்டுக் கைநூலை மேசையில் வைத்துச் சென்றால், முதல் மின்பட்டியல் வந்தவுடன் அவர் அதனை நிறுத்திவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வார். புள்ளிவிபரத்தில் அது ஒரு வெற்றிகரமான பொருத்தல்!

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட இலங்கையிலிருந்து இதனைக் கேட்போருக்குக் கேள்வியின் கனம் தெரியும். ஆனால், இன்றைய எரிவாயுப் பொயிலரும் மின்சாரம் இல்லாமல் பற்றாது, நீரை ஓட்டாது. இருவரும் ஒரே இருளில்தான் இருப்பார்கள்.

இத்தனைக்கும் பின்னர் ஏன் இக்கருவிக்காக வாதாடுகிறேன் என்றால் காரணம் எளிது. ஓர் அலகு எரிவாயுவை எரித்தால் ஏறத்தாழ 0.18 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். எவ்வளவு திறமான பொயிலராயினும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமான றற்கிளிவ் 2024 செப்ரெம்பர் 30ஆம் திகதி மூடப்பட்டது. அந்நாட்டு மின்சாரம் ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகின்றது. அதனால், இன்று பொருத்தப்படும் வெப்பப் பம்பி பழசாகப் பழசாகச் சுத்தமாகும். பொயிலர் கடைசி நாள் வரை ஒரே அழுக்கைக் கக்கும். 2022இல் உக்ரேன் போரினால் எரிவாயு விலை விண்ணைத் தொட்டபோது ஐரோப்பியக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் மறந்துவிட முடியாது. வீட்டின் அடுப்பை எங்கோ நடக்கும் போருடன் குழாய் வழியாகப் பிணைத்து வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

ஆகவே, அரசுகளிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மின்பட்டியலில் ஏற்றிய அறவீடுகளை நிரந்தரமாக இறக்குங்கள். மூன்றாண்டுத் தவணை வேண்டாம். மானியப் பணத்தைக் கருவி மாட்டியவுடன் முழுதாகக் கொடுக்காமல் ஒரு பகுதியை முதற் குளிர்காலம் முடியும் வரை நிறுத்தி வையுங்கள். அளவிடப்பட்ட வினைத்திறன் எண் வாக்களித்த அளவில் இருந்தால் மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு கருவியுடனும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் அளக்கும் மானி கட்டாயம் இருக்கட்டும். வாடகை வீட்டுக்கான ஒழுங்குவிதி வாடகைக்காரரைக் காப்பதாக இருக்கட்டும்.

கதவைத் தட்டும் முகவரிடம் எம்மவர் கேட்க வேண்டியவையும் உள்ளன. அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்கு எங்கே? எத்தனை பாகை நீரில் என் வீடு சூடாகும்? எந்த றேடியேற்றர்களை மாற்றுவீர்கள்? ஆண்டு வினைத்திறன் எண் எவ்வளவு வரும், அதனை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? வெப்பப் பம்பி உள்ளோருக்கெனச் சில நிறுவனங்கள் வழங்கும் தனி மின்கட்டணம் எனக்குக் கிடைக்குமா? இவற்றுக்கு எழுத்தில் விடை தராதவர் எவராயினும், எந்த அரசின் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருந்தாலும், கதவைச் சாத்திவிடுங்கள். விடை தருபவர் வந்தால், 'குளிரில் வேலை செய்யாதாமே' என்று பத்திரிகையில் வாசித்ததைச் சொல்லி அவரைத் திருப்பியனுப்பாதீர்கள்.

ஓர் இயந்திரத்தைக் கூண்டில் நிறுத்தி விசாரிப்பது சுலபம். விலையை நிர்ணயித்தவர்களும் மேற்பார்வை செய்யத் தவறியவர்களும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கின்றார்கள். அவர்களை அழைத்து விசாரிக்காத வரையில், அடுத்த குளிர்காலத்திலும் இதே குற்றப்பத்திரிகையை இதே பத்திரிகைகள் அச்சிடும். கட்டணத்தை நாமே கட்டிக்கொண்டிருப்போம்.